சனிக்கிழமை ஆயத்த ஆராதனைக்கு ஆறு பேர்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு 46 வயது. பள்ளி ஆசிரியை. எங்களுடையது ஐந்து தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம். பாடகர் குழுவிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் இருக்கிறேன். எங்கள் ஆலயத்தைப் புதுப்பித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. குளிர்சாதனம், பெரிய திரை எல்லாம் வந்துவிட்டன. பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தில் மூவாயிரம் பேர் சாப்பிட்டார்கள். ஆனால் திருவிருந்துக்கு முந்திய சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனைக்குப் போனால் ஆறு பேர்தான் இருக்கிறோம். அந்த ஆறு பேரில் ஒருவர் ஆலய வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளை.

சென்ற மாதம் கன்வென்ஷன் கூட்டத்தில் ஒரு பிரசங்கியார், கர்த்தருடைய வருகை வாசலில் நிற்கிறது என்று அதட்டிப் பேசினார். ஒரு வாரம் எல்லோரும் பயந்திருந்தோம். மறுவாரம் பழையபடி ஆகிவிட்டோம். கல்லூரியில் படிக்கும் என் மகன் அப்போது கேட்டான்: "அம்மா, இயேசு வருவார் என்று நீங்கள் உண்மையாகவே நம்புகிறீர்களா? இங்கே யாரைப் பார்த்தாலும் அப்படித் தெரியவில்லையே." என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அது முதல் ஜெபத்தில் முன்போல் மனம் ஒட்டுவதில்லை. வீட்டுப் பங்கு விஷயத்தில் மதினியோடு பேச்சு நின்றுபோனதும் அந்தச் சமயத்தில்தான், அது வேறு விஷயம். எங்கள் சபை தூங்குகிறதா? நானும் தூங்குகிறேனா? வருகையைப் பற்றியே போதிக்கிற வேறொரு சபைக்குப் போய்விடலாமா? ஆயத்தமாயிருப்பது என்றால் நான் என்னதான் செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

முதலில் உங்கள் மகனைப் பற்றி. அவன் கேட்டதற்காக அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். சபையைவிட்டு மனதால் விலகிவிட்ட பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஞாயிறு காலை நேரமாகியும் எழுந்திராமல் படுத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஊழியத்தில் இருந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நான் அதிகம் பயந்தது அந்த மௌனத்துக்குத்தான். கேட்கிற பிள்ளைக்கு இன்னும் எதிர்பார்ப்பு இருக்கிறது. அவனுக்கு என்ன பதில் சொல்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து, நீங்கள் தூங்குகிறீர்களா என்ற கேள்வி. மணவாளனை எதிர்கொள்ளத் தீவட்டிகளோடு காத்திருந்த பத்துக் கன்னிகைகளின் உவமையை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். நானும் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அதில் ஒரு சொல் பல ஆண்டுகள் என் கண்ணில் படாமலே இருந்தது. "மணவாளன் வரத் தாமதித்தபோது, அவர்களெல்லாரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்." எல்லாரும் என்றால் புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்துத்தான். அந்த இடத்தில் தூங்கியதற்காக ஒருவரையும் ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. ஐந்து பேர் தீவட்டிக்கு வேண்டிய எண்ணெயைக் கூடவே எடுத்து வைத்திருந்தார்கள், ஐந்து பேர் எடுக்கவில்லை. அவர் காட்டுகிற வேறுபாடு அது ஒன்றுதான்.

உங்கள் தாயாரை அடக்கம் செய்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. தாய் போன பிறகு ஜெபம் வறண்டுபோவது துக்கத்தின் களைப்பு. அதைப் பாவக் கணக்கில் எழுதிக்கொண்டு உங்களையே அடித்துக்கொள்ள வேண்டாம். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டம் இல்லாமல் வாரக்கணக்கில் போனால் மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. நான் இங்கே எழுதப்போகும் அசதி வேறு வகை.

அதற்கு முன் கன்வென்ஷன் பிரசங்கியாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டவர் வருவார் என்பது நம் விசுவாசப் பிரமாணம். ஆனால் பயம் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். பயத்தை நீட்டிக்க வேண்டுமானால் நாள் குறிக்கவேண்டி வரும். 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவர் வருவார் என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். அறுவடை செய்யாமல் வயலை அப்படியே விட்டவர்களும் அவர்களில் உண்டு. 1992 அக்டோபர் 28 என்று தென் கொரியாவில் ஒரு கூட்டத்தார் நாள் குறித்தார்கள், வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். அவர்களுடைய தலைவரோ அந்த நாளுக்குப் பிறகு முதிர்வடையும் பத்திரங்களில் பணம் போட்டு வைத்திருந்தார். மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" என்று ஆண்டவரே சொல்லி முடித்துவிட்ட காரியம் இது. இதில் கணக்குப் போடுகிறவர்களின் பின்னால் போகாதீர்கள்.

இப்போது அசதிக்கு வருகிறேன். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் சர்தை சபைக்கு எழுதியிருக்கும் நிருபத்தை இன்று இரவு ஒரு முறை வாசியுங்கள். "நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு, "நீ விழித்திராவிட்டால், திருடனைப்போல் உன்மேல் வருவேன்" என்கிறார். அதில் நிருபம் பெற்ற ஏழு சபைகளில் சர்தைக்கு மட்டும் ஏன் இந்தத் திருடன் பேச்சு? அந்த ஊரின் கதை தெரிந்தால் அந்த வசனம் சுடும்.

சர்தை லீதியா நாட்டின் தலைநகர். செங்குத்தான மலைமேல் அதன் கோட்டை. அரசன் குரோசஸ், உலகத்திலேயே பெரிய பணக்காரன் என்று பெயரெடுத்தவன். கி.மு. 546 வாக்கில் பாரசீக அரசன் சைரஸ் அந்தக் கோட்டையை முற்றுகையிட்டான். நம் வேதத்தில் கோரேசு என்று வாசிக்கிறோமே, யூதரை எருசலேமுக்குத் திருப்பி அனுப்பியவன், அவனேதான். அப்போது நடந்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். கோட்டைக்குள்ளிருந்த ஒரு வீரனின் தலைச்சீரா மலைச்சரிவில் உருண்டு விழுந்தது. அவன் சரிவில் இறங்கிவந்து அதை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனான். கீழே நின்ற பாரசீக வீரன் ஒருவன் அவன் கால் வைத்த தடத்தைப் பார்த்துக்கொண்டான். மறுநாள் அதே வழியாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறினான். மேலே காவல் இல்லை. இந்தப் பக்கம் யாரும் ஏற முடியாது என்று காவல் வைக்காமல் விட்டிருந்தார்கள். இன்னொரு பழங்கதையையும் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். கோட்டை பிடிபடாமலிருக்க முற்காலத்து அரசன் ஒருவன் ஒரு சிங்கத்தை மதிலைச் சுற்றிக் கொண்டுவரச் செய்தானாம். அந்தச் செங்குத்துப் பக்கத்தை மட்டும் தேவையில்லை என்று விட்டுவிட்டானாம்.

ஒரு முறை ஏமாந்தவர்கள் பாடம் படித்திருக்க வேண்டும். முன்னூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, மூன்றாம் அந்தியோகஸ் என்ற அரசன் அதே ஊரை முற்றுகையிட்டபோது, கிரேத்தா தீவைச் சேர்ந்த ஒரு படைவீரன் மதிலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஓரிடத்தில் கழுகுகளும் மற்றப் பறவைகளும் மதில்மேல் அமைதியாக உட்கார்ந்திருந்தன. ஆள் நடமாட்டம் இருந்தால் பறவை உட்காருமா? அங்கே காவல் இல்லை என்று கண்டுகொண்டான். இருட்டில் ஏணி வைத்து ஏறினார்கள். ஊர் மறுபடியும் விழுந்தது. இதை இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதி வைத்திருக்கிறார்.

சகோதரி, அந்த ஊர் இரண்டு முறையும் தான் மிகப் பத்திரமென்று நினைத்த பக்கத்திலேயே விழுந்தது. பலவீனமான பக்கத்தில் எப்போதும் காவல் இருந்தது. அசதி என்று நான் சொல்வது இதைத்தான். நம்மிடம் நிறைய வேலை இருக்கலாம், பாட்டு இருக்கலாம், பண்டிகை இருக்கலாம். "இந்தப் பக்கம் கவலையில்லை" என்று ஒரு பக்கத்தை விட்டுவிட்டிருப்போம்.

நம் சபைகளுக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் பரம்பரைப் பெருமைதான். ஐந்து தலைமுறை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படிப்பட்ட குடும்பம்தான், அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆனால் ஒரு காரியத்தை நினைத்துப் பாருங்கள். 1780-இல் நாற்பது பேருடைய பெயர்ப் பட்டியலோடு பாளையங்கோட்டையில் தொடங்கிய திருநெல்வேலித் திருச்சபை, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெளியிலிருந்து வந்த ஊழியர்களின் பலனை அனுபவித்தே வளர்ந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா என்ற வாலிபர் 1902-இல் யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷனெரி ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். இவ்வளவு பெரிய சபையான நாம் இதுவரை என்ன செய்தோம் என்ற கேள்வி அவரைக் குத்தியது. மறு ஆண்டே, 1903-இல், திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. தெலுங்கு நாட்டுக்கு, நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் பகுதிக்கு ஆட்களை அனுப்பினார்கள். பின்னர் அசரியாவே அங்கே போய், 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக அபிஷேகம் பெற்றார். எங்கள் வீட்டில் அம்மா உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள், அது ஊழியத்துக்கு. அந்தச் சபைக்குக் குறை என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. பக்கத்து நாட்டுத் தமிழர் செய்ததைப் பார்த்துத்தான் விழித்தது.

அந்த ஏழு சபைகளில் இன்னொன்றான லவோதிக்கேயாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய ஆலயத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கி.பி. 60-இல் அந்த ஊரைப் பூகம்பம் இடித்துப்போட்டது. ரோமப் பேரரசின் உதவி எதுவும் பெறாமல் தன் சொந்தப் பணத்தால் மீண்டும் கட்டியெழுப்பிக்கொண்டது என்று ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதுகிறார். பணம் மாற்றும் ஊர், கருப்புக் கம்பளிக்குப் பேர்போன ஊர். "நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று அந்த ஊர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, உண்மையிலேயே குறைவில்லை. அதே பேச்சு சபைக்குள்ளும் வந்துவிட்டதுதான் கேடு.

"குளிருமல்ல அனலுமல்ல" என்று அந்தச் சபைக்கு ஆண்டவர் சொன்னதற்கு, பக்தியில் பாதி என்று நாம் பொருள் சொல்வது வழக்கம். வேறொரு விளக்கம் எனக்கு அதிகம் பொருந்துவதாகப் படுகிறது. பக்கத்து ஊரான எராப்போலியில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. இன்றும் பாமுக்கலே என்ற பெயரில் சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கும் இடம். நோயாளிகள் அதில் குளித்துச் சுகம் தேடினார்கள். கொலோசெயில் குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் கிடைத்தது. லவோதிக்கேயாவுக்கோ தொலைவிலிருந்து கல் குழாயில் தண்ணீர் வந்தது. அந்தக் குழாய்களின் உள்ளே சுண்ணாம்பு கனமாகப் படிந்திருப்பதை இன்றும் இடிபாடுகளில் காணலாம். வெந்நீர் நோயாளிக்கு உதவும், குளிர்ந்த நீர் வழிப்போக்கனுக்கு உதவும், இந்த வெதுவெதுப்பான சுண்ணாம்புத் தண்ணீர் யாருக்கு? அப்படிப் பார்த்தால் கேள்வி நம் உணர்ச்சியின் சூட்டைப் பற்றியது அல்ல. உங்கள் தெருவில் நோயாளி, விதவை, கடன்பட்டவர், குடிக்கிற கணவனிடம் அடிவாங்குகிறவர் இவர்களில் ஒருவருக்காவது உங்கள் சபையால் ஆறுதல் உண்டா என்பதைப் பற்றியது. குளிர்சாதனம் வைத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. வெயிலில் முதியோர் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் "வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்று ஆண்டவர் சொன்னது புறஜாதியாருக்கு எழுதிய நிருபத்தில் இல்லை, ஒரு சபைக்கு எழுதியதில். ஆராதனை நடந்துகொண்டிருக்கிற இடத்துக்கு வெளியே அவர் நிற்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

வேறு சபைக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். போக வேண்டாம் என்பது என் எண்ணம். செத்தது என்று சொன்ன சர்தையிலும், வஸ்திரத்தை அசுசிப்படுத்தாத "சிலபேர்" உண்டு என்கிறார் ஆண்டவர். அவர்களை வெளியே வா என்று அழைக்கவில்லை. "சாகிறதற்கேதுவாயிருக்கிறவைகளை ஸ்திரப்படுத்து" என்கிறார். உங்கள் ஊரில் அப்படிச் சாகக் கிடப்பது அந்தச் சனிக்கிழமை ஆயத்த ஆராதனை. ஆறு பேரில் நீங்கள் ஒருவர். நீங்கள் போய்விட்டால் ஐந்து.

உங்கள் போதகரையும் குற்றப்படுத்தாதீர்கள். ஒரு சேகரத்தில் ஏழு, எட்டு சபைகளை வைத்துக்கொண்டு கல்யாணம், அடக்கம், கமிட்டி, கணக்கு என்று ஓடுகிற ஐயருக்கு, சனிக்கிழமை மாலை ஆலயத்தில் ஆறு பேர் உண்மையாகக் காத்திருக்கிறார்கள் என்பதே பெரிய பலம். எனக்கு அப்படி நான்கு பாட்டிமார் இருந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நான் பாதியிலேயே சோர்ந்திருப்பேன்.

இனி, சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் சபையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். மதினியைப் பற்றி ஒரே வரி. அதன் வாலில் "அது வேறு விஷயம்" என்று சேர்த்திருக்கிறீர்கள். மன்னியுங்கள், அது வேறு விஷயம் அல்ல. ஜெபத்தில் மனம் ஒட்டவில்லை என்று எழுதிய அடுத்த வரியிலேயே அதை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோட்டையில் பறவைகள் உட்கார்ந்திருக்கிற இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

என்னையே சாட்சியாக வைத்துச் சொல்கிறேன். எனக்கும் என் அண்ணனுக்கும் ஒரு பனைவிளையின் எல்லையைப் பற்றிய தகராறில் ஏழு ஆண்டுகள் பேச்சில்லை. அந்த ஏழு ஆண்டுகளும் நான் திருவிருந்து பரிமாறினேன். அயலாரோடு அன்பாயிருக்கிறவர்கள் கிட்டி வாருங்கள் என்ற அழைப்பை என் வாயால் வாசித்தேன். எனக்கு உறுத்தவில்லை. போதகன் அல்லவா, அந்தப் பக்கம் யாரும் ஏற முடியாது என்று இருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை அண்ணனுக்கு உடம்பு மோசம் என்று தொலைபேசி வந்தது. மறுநாள் இரண்டு சபைகளில் திருவிருந்து இருந்தது. முடித்துவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தேன். ஞாயிறு மாலை பஸ்ஸைப் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு இல்லை. சனிக்கிழமை இரவு முழுவதும் "தம்பி வந்துவிட்டானா" என்று கேட்டதாக மதினி சொன்னார்கள். மூன்றாம் நாள் நானே அடக்க ஆராதனை நடத்தினேன். அன்றிலிருந்து வருகையைப் பற்றிய எந்த வசனத்தை வாசித்தாலும் எனக்கு வானத்து மேகம் முதலில் தெரிவதில்லை. அந்தச் சனிக்கிழமை இரவும், நான் ஏறாமல் விட்ட பஸ்ஸும்தான் தெரிகின்றன.

சமாதானமாவது என்றால் பங்கை விட்டுக்கொடுப்பது என்று பயப்படாதீர்கள். உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் பிள்ளைகளுக்குச் சேரும் பகுதி, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, மகனுக்கும் மகளுக்கும் சமம்தான். அதை ஒரு வக்கீலிடம் கேட்டு ஒழுங்காகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் உரிமை பாவம் அல்ல. ஆனால் கணக்குத் தீர்கிறவரை வாய் பேசமாட்டேன் என்று இருப்பதற்கு வேதத்தில் இடம் இல்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்றுதான் ஆண்டவர் சொன்னார். வழக்கு முடிந்த பிறகு போ என்று சொல்லவில்லை.

நான் சிறுவனாக இருந்த ஊரில் மின்சாரம் இல்லாத நாட்களில், கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு பெட்ரோமாக்ஸ் விளக்குதான். கோயில்பிள்ளை தாத்தா முந்தின நாள் மாலையே விளக்குகளை வாசலில் வரிசையாக வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, கண்ணாடி துடைத்து, மேண்டிலைப் பார்த்து வைப்பார். நான்கு மணிக்கு மணியடித்துவிட்டு ஒரு குச்சியைக் கிழித்துப் பற்றவைத்து, காற்றடித்தால் போதும். ஓய்வு நாளுக்கு முந்தின நாளை நம் தமிழ் வேதாகமம் "ஆயத்தநாள்" என்கிறது. நம் பெரியவர்கள் திருவிருந்துக்கு முன் சனிக்கிழமையில் ஓர் ஆராதனையை வைத்து அதற்கும் அதே சொல்லைப் பெயராக வைத்தார்கள். யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், யாருக்குக் கடன் கொடுக்க வேண்டும், எங்கே பொய் சொன்னோம் என்று நினைத்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நடந்துபோய் அதைச் சரிசெய்ய ஓர் இரவு அவகாசம். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த ஆயத்தம் இதுதான்.

ஆகவே அடுத்த திருவிருந்துக்கு முந்திய சனிக்கிழமை, ஆயத்த ஆராதனைக்குப் போவதற்கு முன் மதியமே அண்ணன் வீட்டுக்குப் போங்கள். பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அதை அன்று பேசவும் வேண்டாம். உங்கள் தாயாரைப் பற்றிப் பேசுங்கள். மதினிக்கும் அவர்கள் மாமியார்தானே, அவர்களும் அழுதிருப்பார்கள். முகம் கொடுத்துப் பேசாவிட்டால் நின்று ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்புங்கள். அடுத்த மாதம் மறுபடியும் போகலாம். போகும்போது உங்கள் மகனையும் அழைத்துப் போங்கள். அவன் கேட்ட கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டாம். பஸ்ஸில் போகும்போது, எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். திரும்பி வந்து நேரமிருந்தால் அவனையும் ஆயத்த ஆராதனைக்கு அழையுங்கள். வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

மதினி என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அந்தச் சனிக்கிழமை எந்தத் தேதி என்று முன்கூட்டியே தெரிவித்தால், அன்று மதியம் உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருப்பேன்.